செவரல் என்ற சொல்லுக்கு நான் கட்டிய 4,20,000 ரூபாய்

கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறேன். 19 வருடச் சேவை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கிலீஷ் தெரியாத ஒருவர் இங்கிலீஷ் பத்திரத்தில் கையெழுத்து வைத்து மாட்டிக்கொண்டால் ஊர் பரிதாபப்படும். இங்கிலீஷ் மாஸ்டர் மாட்டிக்கொண்டால் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குப் பயந்து இரண்டரை வருடம் யாரிடமும் வாய் திறக்காமல் கடனைக் கட்டினேன். போன கிழமை பக்கத்து வீட்டுப் பொடியன் ஒரு படிவத்தோடு வந்து, "சேர், இதில ஒண்டும் பிரச்சினை இல்லைத்தானே, ஒருக்காப் பாருங்கோ" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

2017 ஆவணியில் என் சகலன் ஒரு பழைய உழவு இயந்திரம் வாங்கினார். விலை 11 லட்சம். கையில் இருந்தது 3 லட்சம், மிச்சம் 8 லட்சம் லீசிங். மூன்று பேர் பிணை நிற்க வேண்டும் என்று கம்பனி சொல்லிவிட்டது. பரந்தனில் கடை வைத்திருக்கும் ஒருவர், தருமபுரத்தில் சகலனின் கூட்டாளி ஒருவர், மூன்றாவது நான். ஏ9 வீதியில் மாடிக் கந்தோர். ஏசி குளிரில் தேத்தண்ணி தந்தார்கள். 14 பக்கப் பத்திரம், எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்து வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளடி போட்டு வைத்திருந்தார் அந்த அதிகாரி. பார்த்தால் சோதனைத் தாள் திருத்தின மாதிரி இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "மாஸ்டர், நீங்கள் வாசிச்சுச் சரியெண்டால் எங்களுக்குச் சரி" என்றார். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

ஆறாம் பக்கத்தில் ஒரு வரி. பிணையாளிகள் 'ஜொயின்ட்லி அன்ட் செவரலி' பொறுப்பு என்று. ஜொயின்ட்லி என்றால் சேர்ந்து. செவரல் என்றால் பல. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். "மூண்டு பேரும் சேர்ந்து, பல பேராப் பங்குபோட்டுப் பொறுப்பு எண்டு கிடக்கு. ஏதும் நடந்தால் ஆளுக்கு மூண்டில ஒண்டு" என்று விளக்கம் சொன்னேன். அதிகாரி மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டு பேனையை நீட்டினார். அதற்குக் கீழே லத்தீனில் இரண்டு வரி இருந்தது. 'பெனிஃபீசியம்' என்று தொடங்கியது. பெனிஃபிட் மாதிரி ஏதோ நல்ல விசயம் போலிருக்கிறது என்று தாண்டிவிட்டேன். அந்த லத்தீன் வரியையாவது ஒருவரிடம் கேட்டிருப்பேன், நான் இங்கிலீஷ் மாஸ்டராக இல்லாமல் இருந்திருந்தால்.

பதினாறு மாதம் சகலன் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் 2018 மார்கழி வெள்ளம் வந்தது. வன்னியில் இருந்தவர்களுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறபட்டன, கண்டாவளைப் பக்கம் வயல் எது வீதி எது என்று தெரியவில்லை. உழவு இயந்திரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை, அது மேட்டில் நின்றது. ஆனால் எங்கள் பக்கத்தில் உழவுக் கூலியை முழுதாக உழுத அன்றே யாரும் தருவதில்லை, காலபோக நெல் வெட்டின பிறகுதான் தருவார்கள். வெட்டுவதற்குப் பயிர் இல்லை என்றால் கூலியும் இல்லை. நாற்பது ஏக்கருக்கு மேல் உழுத காசு தண்ணீரோடு போனது. தவணை தவறியது. 2019 ஆனியில் ஒரு விடியற்காலை சீசர்மார், அதாவது தவணை தவறினால் பறித்துக்கொண்டு போகக் கம்பனி அனுப்புகிற ஆட்கள், வந்து இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். ஏலத்தில் போன விலையைக் கழித்து, அபராதம், இழுத்துப்போன செலவு எல்லாம் கூட்டி, மிச்சம் 4,86,000 ரூபாய் என்று கணக்குக் காட்டினார்கள்.

அந்தக் கடிதம் எனக்கு வந்த விதம் இன்னொரு கூத்து. பள்ளிக்கூட முகவரிக்கு வந்தது. எங்கள் கந்தோரில் வருகிற கடிதம் எல்லாவற்றையும் அதிபர்தான் உடைப்பார். கடிதத்தின் நடுவில் தடித்த எழுத்தில் 'பிரின்சிபல்' என்று கிடந்தது. என்னைக் கூப்பிட்டு, "என்ன மாஸ்டர், என்னட்ட 4 லட்சம் கேக்கிறாங்கள்?" என்றார். பிரின்சிபல் என்பது லத்தீனில் முதலாவது, தலையானது. பள்ளிக்கூடத்தில் தலையானவர் அதிபர், கடனில் தலையானது முதல். கடன் பட்டவர்களில் தலையானவரும் பிரின்சிபல்தான். பத்திரத்தின் ஒன்பதாம் பக்கத்தில் பிணையாளியையும் பிரின்சிபல் கடன்காரராகவே கொள்ளலாம் என்று எழுதியிருந்ததை அன்றுதான் கண்டேன். அதிபர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு வருத்தப்பட்டு, தேத்தண்ணி எடுப்பித்துத் தந்தார். நான் குடிக்கவில்லை.

அன்றைக்கு ஐந்தாம் பாடம் ஒன்பதாம் வகுப்பு. சொல்வதெழுதுதல். 'டெட்', கடன். வேண்டுமென்று எடுக்கவில்லை, பாடப் பட்டியலில் அது இருந்தது. ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள், "சேர், பி சத்தம் வராட்டில் ஏன் எழுதுறது?" அதுவரை வருடக்கணக்காக அந்தக் கேள்விக்கு என் பதில், "அது அப்பிடித்தான், பாடமாக்கு." அன்றைக்கு அந்தப் பதில் வாயில் வரவில்லை. கடிதம் சட்டைப் பையில் கனத்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். பின்னேரம் நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். பிரெஞ்சிலிருந்து வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லை. பிறகு வந்த படித்தவர்கள், இதன் மூலம் லத்தீன் 'டெபிட்டும்', அதில் பி இருக்கிறது என்று எழுத்தில் மட்டும் செருகிவிட்டார்கள். 'டவுட்' என்பதற்கும் அதே கதை. வாய் கண்டுகொள்ளவே இல்லை. சத்தம் போடாமல் உள்ளே இருக்கிற பி. என் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடையாது.

அகராதி கையில் இருந்தபடியால் செவரல் என்பதையும் தட்டினேன். முதல் பொருள், பல. அதற்குக் கீழே சட்டப் பொருள்: தனித்தனியான, ஒவ்வொருவருக்கும் தனியே உரிய. கடைசியில் வேர்: லத்தீனில் 'பிரிந்த' என்ற சொல். செப்பரேட் என்பதும், வெட்டிப் பிரிப்பதைச் சொல்கிற செவர் என்பதும் இதன் குடும்பம்தான். அந்தச் சொல் பிறந்தது தனித்தனி என்ற பொருளில். தனித்தனியாக நிற்பவை ஒன்றுக்கு மேல் என்பதால் காலப்போக்கில் பல என்று ஆனது. தெருவில் பொருள் மாறிவிட்டது, பத்திரத்தில் மாறவில்லை. ஆக ஜொயின்ட்லி அன்ட் செவரலி என்றால், சேர்ந்தும் பொறுப்பு, ஒவ்வொருவரும் தனித்தனியாக முழுத் தொகைக்கும் பொறுப்பு. மூன்றில் ஒன்று என்ற பேச்சே அதில் இல்லை. கம்பனி யாரைப் பிடித்தால் காசு வரும் என்று பார்த்து அவரை மட்டும் பிடிக்கலாம். தருமபுரத்துக்காரர் அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டார். கடைக்காரருக்கே வெள்ளத்தில் சரக்குப் பழுது. அரசாங்கச் சம்பளக்காரன் நான் ஒருவன்தான்.

இந்த இடத்தில் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்திரம் வாசிக்கும்போது தெரியாத சொல்லைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தெரியாது என்று தெரியும், கேட்டுவிடுவோம். செவரல், இன்ரெஸ்ட், பெனிஃபிட் போன்ற அன்றாடச் சொற்களைத்தான் பென்சிலால் சுற்றிப் போட வேண்டும். ஒவ்வொன்றையும் அகராதியில் முதல் பொருளோடு நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கள். கைபேசி அகராதி என்றாலும் கீழே இழுத்துப் பாருங்கள். சொல் எங்கேயிருந்து வந்தது என்று போட்டிருக்கும் வரி, சட்டக்காரர்கள் அதை என்ன பொருளில் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நல்ல துப்பு.

கடிதம் 14 நாள் கெடு தந்திருந்தது. கெடுவுக்கு அவர்கள் போட்டிருந்த சொல் 'டெட்லைன்'. அதையும் பார்த்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், அண்டர்சன்வில் போன்ற கைதி முகாம்களில் வேலிக்கு உட்புறமாக ஒரு கோடு இருந்தது; அதைத் தாண்டுகிற கைதியைக் காவல்காரன் சுடுவான். அந்தக் கோட்டின் பெயர்தான் அது. இந்தக் கதையை வகுப்பில் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கோடு, முகாம், வேலி பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

கெடு முடிய மூன்று நாள் இருக்க, யாழ்ப்பாணத்துக்கு ஒரு சட்டத்தரணியிடம் போனேன். கிளிநொச்சியிலும் ஆட்கள் உண்டு, ஆனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்ற வெட்கம். அந்த வெட்கத்தின் விலை பஸ் காசும் நாலு நாள் லீவும். ஆனையிறவு தாண்டும்போது உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருந்தார்கள். சாலரி என்ற சொல் லத்தீனில் உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதிலிருந்து வந்தது என்று அந்தக் கிழமைதான் வாசித்திருந்தேன். ரோமச் சிப்பாய்க்கு உப்பாகவே சம்பளம் கொடுத்தார்கள் என்று பலர் கதை சொல்வார்கள்; அதற்கு உறுதியான சான்று இல்லை, சொல்லின் வேர் மட்டும் உண்மை. உப்போ காசோ, என் சம்பளம் கரையப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

சட்டத்தரணி பத்திரத்தைப் புரட்டி நேரே லத்தீன் வரியில் விரலை வைத்தார். "மாஸ்டர், செவரலி கிடக்கட்டும். உங்களைக் கட்டிப் போட்டது இதுதான்." ஒல்லாந்தர் 1796இல் இலங்கையை விட்டுப் போனாலும் அவர்களுடைய ரோமன்-டச்சுச் சட்டம் போகவில்லை. கந்தோர், நொத்தாரிசு என்ற சொற்கள் நம் வாயில் தங்கின மாதிரி அதுவும் தங்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. ஒன்று, முதலில் கடன்காரனிடம் வசூலித்துப் பார், அவனிடம் இல்லையென்றால் பிறகு என்னிடம் வா என்று சொல்லும் உரிமை. மற்றது, பிணையாளிகள் மூன்று பேர் என்றால் கடனை மூன்றாகப் பிரித்துக் கேள் என்று சொல்லும் உரிமை. நான் ஏ9 வீதிக் கந்தோரில் கற்பனையில் கண்ட அதே மூன்றில் ஒன்று! சட்டம் அதைத் தந்துதான் இருந்தது. அந்த இரண்டு பெனிஃபிட்டையும் கைவிடுகிறேன் என்றுதான் லத்தீன் வரி சொன்னது, அதன் கீழேதான் என் கையெழுத்து. முதல் உரிமையின் பெயரில் வரும் 'எக்ஸ்கஷன்' என்ற சொல்லுக்கு உதறுதல் என்று பொருள். கடன்காரனை முதலில் உதறிப் பார் என்பது. டிஸ்கஷன், பர்கஷன் எல்லாம் இந்த உதறலுக்குச் சொந்தம். சகலனை உதறியிருந்தாலும் மண்தான் விழுந்திருக்கும், அது வேறு விசயம்.

அந்த அதிகாரி எங்களை ஏமாற்றினாரா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான் பிழையாக விளக்கியபோது திருத்தவும் இல்லை. நைசாக நடந்துகொண்டார். இந்த நைஸ் என்ற சொல் லத்தீனில் 'ஒன்றும் அறியாத' என்ற பொருளில் கிளம்பி, பிரெஞ்சில் மடையன் என்றாகி, இங்கிலீஷில் எப்படியோ நல்லது என்று திருந்தி, நம் தமிழில் 'நைசாக் கதைச்சு' என்று தந்திரத்தில் வந்து நிற்கிறது. அவர் எங்கள் ஊர் நைஸ். நான் லத்தீன் நைஸ்.

காசு சேர்க்கிற பாடு தொடங்கியது. மாமா ஒருவர், மனைவியின் தென்மராட்சித் தென்னங்காணியை ஒத்திக்கு வை என்றார். ஒத்தி என்றால் தெரியும்தானே, காசு தந்தவர் காணியை எடுத்து வைத்துக்கொண்டு தேங்காயை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பார். முதல் அப்படியே நிற்கும். ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையிலேயே இது இருக்கிறது. அந்த இரவு 'மோட்கேஜ்' என்ற சொல்லைப் பார்த்தேன். பழைய பிரெஞ்சில் மோர் என்றால் செத்த, கேஜ் என்றால் ஈடு. செத்த ஈடு. கிளான்வில்லின் பெயரால் வழங்கும் 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துச் சட்ட நூல் இதைப் பிரித்துக் காட்டுகிறது: விளைச்சல் கடனைக் கழித்துக்கொண்டு வந்தால் அது உயிருள்ள ஈடு, விளைச்சலை அவர் எடுத்தும் கடன் குறையாமல் நின்றால் செத்த ஈடு. நம் ஒத்தியேதான்! 17ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் என்ற இங்கிலாந்து நீதிபதி வேறு விளக்கம் சொன்னார், கடன் கட்டாவிட்டால் காணி கொடுத்தவனுக்குச் செத்துப்போகும், கட்டினால் வாங்கினவனுக்குச் செத்துப்போகும் என்று. எனக்கு 12ஆம் நூற்றாண்டு விளக்கம்தான் பிடித்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அம்மா தந்த சீதனக் காணி. செத்ததும் வேண்டாம், உயிருள்ளதும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தன் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதை அடகு வைத்த அன்று நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது.

சட்டத்தரணி எழுதிய ஒரு கடிதத்துக்கும் நான் இரண்டு முறை நேரே போய் உட்கார்ந்ததற்கும் பிறகு, வட்டி மேலும் ஏறாது, மாதம் 15,000 என்று கம்பனி இறங்கிவந்தது. இது முக்கியம்: கடிதம் வந்தால் ஒளிக்க வேண்டாம். என் சம்பளச் சிட்டையையும் வீட்டுச் செலவையும் எழுதிக்கொண்டு போனதால்தான் இந்தத் தொகை கிடைத்தது. வாயால் சொன்னதை எழுத்தில் வாங்கினேன். ஒவ்வொரு ரசீதையும் போட்டோ பிரதி எடுத்தேன், அந்த ரசீது மை ஆறு மாதத்தில் மங்கிவிடும். 2019 ஐப்பசியிலிருந்து 2022 தை வரை 28 மாதம், 4,20,000. கடைக்காரர் மனம் பொறுக்காமல் 40,000 தந்தார். கடைசி 26,000த்தைக் கம்பனி விட்டுக்கொடுத்தது. இடையில் பள்ளிக்கூடத் திருத்த வேலைக்காக வங்கியில் சின்னக் கடன் கேட்டபோது, 'கிரிப்' அறிக்கையில் என் பெயர் இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். கடன் தகவல் பணியகத்தின் பெயரைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள். பிணை நின்றவருக்கும் அது பொருந்தும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். கிரிப் என்றால் நத்தாருக்குக் கட்டும் பாலன் குடிலுக்கும் அதுதான் பெயர். பாலன் அருகில் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் நான் கிடந்தேன்.

இந்த நாட்களில் ஒரு பைத்தியமும் பிடித்தது. எல்லாச் சொல்லுக்கும் வேர் தேடத் தொடங்கினேன். வகுப்பில் அது நன்றாக எடுபட்டது. வாரண்டியும் கரண்டியும் ஒரே சொல்தான், வட பிரெஞ்சு வாயில் வகரமாகவும் மற்றப் பிரெஞ்சு வாயில் ககரமாகவும் இங்கிலீஷுக்கு இரண்டு முறை வந்தது என்றபோது பிள்ளைகள் சோற்றுக் கரண்டியைப் பற்றிக் கேட்டுச் சிரித்தார்கள். ஒருவன், "கேஷ் எங்கட காசுதானே சேர்?" என்றான். நானும் ஆமென்று சொல்லப் போய்த் தடுத்துக்கொண்டேன். இங்கிலீஷில் கேஷ் என்று இரண்டு சொல் உண்டு. ஆசியச் சில்லறை நாணயத்தைக் குறித்தது நம் காசு, போர்த்துக்கேயர் வாய் வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கிற கேஷ் வேறு, அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொல். முகம் ஒன்றாக இருந்தால் சொந்தக்காரர் என்று ஆகிவிடாது. இதே பைத்தியத்தில் சட்டத்தரணியிடமும் செவரலின் வரலாற்றைச் சொல்லி வாதாடலாமா என்று கேட்டேன். "கோட்டில வேர் எடுபடாது மாஸ்டர், நீங்கள் வைச்ச கையெழுத்துத்தான் எடுபடும்" என்றார். அவர் சொன்னது சரி. சில்லி என்றால் ஒருகாலத்தில் அருள் பெற்றவர் என்று பொருள். இப்போது ஒருவரை அப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள். வேர் ஒரு துப்பு, தீர்ப்பு இல்லை. துப்புக் கிடைத்ததும் தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்க வேண்டும், கையெழுத்துக்கு முன்னால். பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று கேளுங்கள். தமிழ்ப் பிரதி கேளுங்கள். தர மாட்டோம் என்றால் அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நான் வெட்கத்தில் அங்கே போகவில்லை, நீங்கள் போங்கள்.

2022 மாசியில் விடுவிப்புக் கடிதம் கிடைத்தது. 'ரிலீஸ்'. லீசும் ரிலீசும் ஒரே வேர், தளர்த்துவது, விடுவது. றிலாக்ஸ் என்பதும் அதுதான். றிலாக்ஸாக இருக்கவில்லை, அந்த மாதம் சாமான் விலை ஏறத் தொடங்கிவிட்டது. சங்கிலியை மட்டும் அதற்கு முன்பே மீட்டுவிட்டேன். முழுவதையும் கட்டிய பிணையாளி கடன்காரரிடம் திருப்பிக் கேட்கலாம், மற்றப் பிணையாளிகளிடம் அவரவர் பங்கைக் கேட்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். சகலனை நீதிமன்றத்துக்கு இழுக்க மனம் வரவில்லை. அவர் ஒவ்வொரு காலபோகத்துக்கும் இரண்டு மூடை நெல்லோடு வருவார். "அண்ணை, கணக்கில போடுங்கோ" என்பார். ஒரு சீஆர் கொப்பியில் போட்டு வைக்கிறேன். இடது பக்கம் 28 வரி, வலது பக்கம் இப்போதைக்கு எட்டு வரி. கட்டாரிலிருந்து இன்னும் ஒரு வரியும் வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பொடியனின் படிவம் என் மேசையில்தான் கிடக்கிறது. 23 பக்கம். மூன்று இரவாக வாசித்து 11ஆம் பக்கத்தில் நிற்கிறேன், பென்சில் வட்டம் இதுவரை முப்பத்தொன்று. "சேர், இன்னும் முடியேல்லையோ, அவை கெதியாக் கேக்கினம்" என்று இன்றைக்கும் மதிலால் எட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வா, கூட யார் யார் பிணை நிற்கிறார்களோ அவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.